'எம்4'னு ஸ்க்ரீன்ல வருதே... செஸ் இன்ஜின் அதை எப்படிக் கண்டுபிடிக்குது?

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போயிருந்தேன். சாத்தூர் ரோடு முழுக்க பாதயாத்திரை கூட்டம், வீடு முழுக்க சொந்தக்காரங்க. இதுக்கு நடுவுல சித்தி மகன் திண்ணையில உட்கார்ந்து போன்ல செஸ் ஆடிட்டு இருந்தான். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை டிரா பண்ணிட்டான். ஆட்டம் முடிஞ்சதும் ஆப் ஒரு சிவப்பு குறி போட்டு, 'இங்கே 4 நகர்த்தலில் மேட் இருந்தது, தவறவிட்டீர்கள்' என்று காட்டியது. "இதக்கூட பாக்கல, எனக்கெல்லாம் செஸ் வராதுக்கா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

எனக்கு அந்த சிவப்பு குறி மேலதான் கோபம். 'எம்4' என்று சொல்ல இன்ஜின் என்ன செய்தது என்பதை அது சொல்லவே இல்லை.

'கட்டாய மேட்' என்றால், எதிராளி என்ன ஆடினாலும் தப்பிக்க முடியாது என்று அர்த்தம். சரவெடி மாதிரி. முதல் வெடிக்குத் தீ வைத்தால் கடைசி வெடி வெடித்தே ஆகணும். இதை நிரூபிக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி கிடையாது. என் முறை வரும்போது ஒரே ஒரு நல்ல நகர்த்தல் கிடைத்தால் போதும். எதிராளி முறையில் அவர் ஆடக்கூடிய எல்லா நகர்த்தலுக்கும் என்னிடம் பதில் இருக்கணும். ஒன்றுக்கு பதில் இல்லையென்றாலும் மேட் இல்லை.

இப்போ கணக்கைப் பாருங்க. ஆட்டத்தின் நடுப்பகுதியில் ஒருவருக்கு சராசரியாக 35 நகர்த்தல்கள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 3 நகர்த்தலில் மேட் என்றால் நான் 3 தடவை, எதிராளி 2 தடவை ஆடணும். 35-ஐ ஐந்து முறை பெருக்கினால் 5 கோடியே 25 லட்சம் வரிசைகள். இது வெறும் எம்3-க்கு.

இன்ஜின் இதை எல்லாம் முழுசாகப் பார்ப்பதில்லை. என் நகர்த்தல் ஒன்றுக்கு எதிராளியிடம் ஒரு நல்ல பதில் கிடைத்த உடனே, மற்ற பதில்களைப் பார்க்காமல் அந்த நகர்த்தலைத் தூக்கிப் போட்டுவிடும். அதோடு, 'செக்' வைக்கும் நகர்த்தல்களை இன்னும் ஆழமாகத் தோண்டும். செக் வைத்தால் எதிராளிக்கு 35 வழி இருக்காது, இரண்டோ மூன்றோதான் இருக்கும். இரண்டு பக்கமும் தலா 3 வழிதான் என்றால், அதே எம்3-க்கு 243 வரிசைகள் போதும்!

சிக்கல் எங்கே என்றால், முதல் நகர்த்தல் செக்கே இல்லாத மேட்களில். ஒரு காய் சத்தமில்லாமல் ஒரு கட்டம் தள்ளி நிற்கும், அடுத்து எதிராளி எதைத் தொட்டாலும் முடிந்தது. மனுஷன் அதிகம் தவறவிடுவது இந்த மாதிரி மேட்களைத்தான். இன்ஜினும் இங்கே தடுமாறும். வேகத்துக்காக நிறைய கிளைகளை வெட்டிவிடுவதால், சில புதிர்களில் குட்டி மேட்டைக்கூட பார்க்காமல் போகும். அதற்கென்றே எழுதப்பட்ட மேட் தேடும் புரோகிராம்கள் அதைப் பிடித்துவிடும். திரையில் முதலில் எம்9 என்று வந்து, கொஞ்ச நேரம் கழித்து எம்6 ஆவதற்கும் இதுதான் காரணம். முதலில் கிடைத்தது ஒரு வழி, குறுகிய வழி பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு விஷயம். ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினுக்குள் மேட்டின் மதிப்பு 32,000. அதிலிருந்து மேட் எத்தனை அடி தள்ளி இருக்கிறதோ அதைக் கழிக்கும். எம்3 என்றால் 5 அடி, ஆக 31,995. ஏன் இந்தக் கஞ்சத்தனம்? கழிக்கவில்லை என்றால் எல்லா மேட்டும் சமம். 'எப்படியும் மேட்தானே, அப்புறம் வைக்கலாம்' என்று இன்ஜின் காயை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருக்கும். நம்ம கல்யாண வீட்டு மாமாக்கள் கிளம்புற மாதிரி!

இந்தத் தேடல் புதுசும் இல்லை. 1951-இல் மான்செஸ்டரில் டீட்ரிச் பிரின்ஸ் எழுதிய புரோகிராம் முழு ஆட்டம் ஆடாது, 2 நகர்த்தல் மேட் புதிரை மட்டும் தீர்க்கும். அதற்கே சுமார் 15 நிமிடம் எடுத்துக்கொண்டது. இன்று பலகையில் 7 காய்கள் மட்டும் மிஞ்சினால் தேடவே வேண்டாம். மேட்டில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிட்டு, ஒவ்வொரு நிலைக்கும் விடையை எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் மிக நீளமானது 549 நகர்த்தலில் மேட்.

என் கருத்து இதுதான்: திரையில் வரும் '+2.3' ஒரு மதிப்பீடு, 'எம்4' ஒரு நிரூபணம். ஆனால் நாம் இரண்டையும் ஒரே ஸ்கோர்போர்டு மாதிரி பார்த்து, ஆடுகிறவரைத் திட்டப் பழகிவிட்டோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷுக்கு எதிரான 14-வது ஆட்டத்தில் டிங் லிரென் 55-வது நகர்த்தலாக யானையை எஃப்2-வில் வைத்தார். ஒரே நொடியில் திரையில் பட்டை சரிந்தது. அங்கே உடனடி மேட் எதுவும் இல்லை. யானைகளும் பிஷப்களும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் தோல்வி என்பதுதான் விஷயம். பட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது 'இதுகூட தெரியாதா' தருணம். பல மணி நேரம் உட்கார்ந்து ஆடிய மனிதருக்குத் திரையில் பட்டை கிடையாது.

2006-இல் பான் நகரத்தில் அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் புரோகிராமுக்கு எதிராக ஒரே நகர்த்தல் மேட்டைப் பார்க்காமல் விட்டார். எம்1!

ஆப் தயாரிப்பவர்கள் அந்த சிவப்பு குறிக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கலாம். முதல் நகர்த்தல் செக்கா, இல்லையா என்று. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. எல்லா 'தவறவிட்டதும்' ஒரே எடை இல்லை என்று ஒரு பையனுக்குத் தெரிந்துவிடும்.

தம்பியின் ஆட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். நினைத்த மாதிரியே முதல் நகர்த்தல் செக் இல்லை, ஓரமாக நகரும் ஒரு யானை. விடையை மறைத்து வைத்துவிட்டு, "எதிராளி என்னென்ன ஆடலாம், ஒவ்வொண்ணா சொல்லு" என்றேன். உள்ளே சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கால் மணி நேரத்தில் மூன்று பதில்களுக்கு மேட் காட்டிவிட்டான். நாலாவதுக்கு இன்னும் யோசிச்சுட்டு இருந்தான்.