மட்கிய மரமும் மயங்கிய மதியும்

மட்கிய மரத்தில் முளைக்கும் மயக்கக் காளானைத் தேடிப் பறித்துண்பதை ஒரு கலையெனப் போற்றுவோர் மேலைநாடுகளில் உளர். “இயற்கை ஈந்தது எங்ஙனம் தீங்கிழைக்கும்?” என்பது அவர்தம் முதல் வாதம். “அடையாளம் அறிந்தவனுக்கு அச்சம் ஏது?” என்பது இரண்டாவது. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

முதல் வாதத்திற்கு நெடிய விடை வேண்டுவதில்லை. பாம்பின் நஞ்சும் இயற்கை ஈந்ததே. இரண்டாவது வாதமே உயிரைக் குடிப்பது.

சைலோசைபி இனத்துக் காளான்கள் சில, மட்கும் மரத்திலும், பூங்காக்களில் பரப்பிய மரச்சீவல்களிலும் முளைக்கின்றன. அதே மரத்தில், அதே பருவத்தில், சில வேளை அதே கொத்திலேயே, கலெரினா மார்ஜினேட்டா என்னும் நச்சுக்காளானும் தலைதூக்குகிறது. இரண்டும் சிறியவை, பழுப்பு நிறத்தவை. 1981ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து விட்பி தீவில், மயக்கக் காளான் என்றெண்ணிக் கலெரினாவை உண்ட இளையோருள் 16 வயதுப் பெண்ணொருத்தி மாண்டாள்.

அந்நஞ்சின் வஞ்சகத்தை எண்ணிப் பாருங்கள். கலெரினாவில் உறைவது அமானிட்டின். கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் அது அழியாது. உண்டபின் ஆறு மணி நேரத்திற்கும் மேலாக உடலில் யாதொரு குறியும் தோன்றாதிருக்கும். பின்னர் வாந்தியும் பேதியும் வாட்டும். அவை தணிந்ததும் நோயாளி, “பிழைத்தேன்” என மகிழ்வான். அவ்வேளையிலும் அவனது கல்லீரல் உயிரணுக்களில் புரத ஆக்கம் முடங்கி, அவை மடிந்துகொண்டிருக்கும்.

“நசுக்கினால் நீலம் பாரிக்கும், வித்துத்தூளின் நிறம் வேறுபடும், இவை போதாவா?” என்பர். நாம் அரபி எழுத்துக் கற்பிப்போர். ‘பே’க்கும் ‘தே’க்கும் புள்ளிகளே வேற்றுமை என்பதை நாள்தோறும் உரைக்கிறோம், ஆயினும் தேர்ந்த மாணவனும் சறுக்குகிறான். அவன் பிழையை அழித்துத் திருத்தலாம். விழுங்கிய பிழையை எவ்வாறு திருத்துவது? ஒரு காளானைச் சோதித்தமை, அதனருகே நின்ற மற்றொன்றுக்குச் சான்றாகுமா? கைப்பிடியாகப் பறிப்பவன் ஒவ்வொன்றையும் சோதிக்கின்றானா?

“மெக்சிகோவின் மாசடெக் மக்கள் உண்ணவில்லையா?” என வினவுவர். உண்டனர், நோய்தீர்க்கும் சடங்கில், வழிவழி வந்த அறிவுடையோர் முன்னிலையில் உண்டனர். 1957இல் கார்டன் வாசனின் கட்டுரை அச்சேறியபின், களிப்பு நாடிய அந்நியர் ஊரில் திரண்டனர். அவருக்குச் சடங்கைக் காட்டிய மரியா சபீனாவின் வீடு தீக்கிரையானது. அம்மரபைச் சான்றுக்கு அழைப்போர் அதன் கட்டுப்பாட்டை மட்டும் கைவிடுவதேன்?

“மருத்துவர்களே ஆராய்கின்றனரே!” என்பர். ஆராய்கின்றனர். ஆனால் ஆய்வகத்தில் ஆக்கிய சைலோசைபினை, 25 மில்லிகிராம் என அளந்து, கண்காணிப்பின்கீழ் தருகின்றனர். 2020இல் வாக்கெடுப்பினால் இதற்கு வழிதிறந்த ஓரிகன் மாநிலம்கூட, வளர்ப்பதற்கு ஒரே இனத்தைத்தான் அனுமதித்தது. மரச்சீவலில் வளர்ப்பதைத் தடுத்தது. அனுமதித்தவனே அஞ்சி விலக்கியதை, அடையாள நூலொன்றை நம்பி அள்ளி உண்பது அறிவாகுமா?

காளானைக் கற்பது கல்வி. அதனை நாம் பழிக்கவில்லை. கற்றவன் முதலில் அறிவது தன் கண்ணின் எல்லையை. அதனை அறியாதவன் கற்றது போதாது; அறிந்தவன் கைநீட்ட மாட்டான்.