சாமுண்டி மலையும் பகுதி வகைக்கெழுவும்

கல்லூரியில் நுண்கணிதம் பயிலும் மாணவர் முதலில் ஒரே மாறியுடன் பழகுகின்றனர். வளைகோட்டின் சாய்வு அப்போது கண்ணுக்குத் தெரிகிறது. மாறிகள் இரண்டானதும் படம் மறைந்து குறியீடு மட்டும் எஞ்சுகிறது. ஒன்றை நிலையாகக் கொண்டு மற்றொன்றைப் பொறுத்து வகையிடும் விதியைப் பிழையின்றிச் செய்பவர், விடை எதனை அளக்கிறது என்று வினவினால் வாய் திறவார். விதிப்படி வகையிடுதலைக் கணினியே இன்று நொடியில் முடித்துவிடுகிறது. பொருள் விளங்காத பயிற்சியால் மாணவர் அடைவது யாது?

மைசூரில் இக்குறையைப் போக்கும் கருவி ஊரின் ஓரத்திலேயே நிற்கிறது. சாமுண்டி மலை நகரத்தினின்றும் ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்தது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுப் படத்தில் அதனைச் சூழ்ந்து சம உயரக் கோடுகள் வளைந்து செல்கின்றன. உயரம் என்பது கிழக்கே சென்ற தொலைவு, வடக்கே சென்ற தொலைவு ஆகிய இரு மாறிகளின் சார்பு. கிழக்கு நோக்கி நடக்கையில் காணும் ஏற்ற வீதம் ஒரு பகுதி வகைக்கெழு. வடக்கு நோக்கி நடக்கையில் காண்பது மற்றொன்று. 17ஆம் நூற்றாண்டில் அமைந்த படிவழி, ஏறத்தாழ 1,000 படிகளில், அக்கோடுகளை விரைந்து குறுக்கே வெட்டி ஏறுகிறது. மோட்டார் சாலையோ அவற்றை ஒட்டியே சுற்றிச் செல்கிறது. மலை ஒன்றே, திசைக்கேற்பச் சரிவு வேறு. படியேறி மூச்சிரைத்த மாணவனுக்குத் திசை வகைக்கெழுவை விளக்கச் சொற்கள் மிகுதியும் வேண்டா.

மழைநீர் சம உயரக் கோட்டிற்குச் செங்குத்தான திசையில் இறங்குகிறது. மிகுந்த சரிவு அத்திசையிலேயே உள்ளது. சாய்வு நிலத்தில் சம உயர வரப்பு அமைக்கச் செய்யும் களப்பணியாளர் இத்தேற்றத்தையே மண்ணில் வரைகின்றனர்.

மலையும் படமும் பள்ளிச் சிறுவருக்கே ஏற்றவை, கல்லூரிக்கு வேண்டுவது துல்லியம் எனச் சிலர் கருதுவர். துல்லியம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் இரு மாறிகளின் பெருக்கற்பலனை அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் சார்பை நோக்குக. மையத்தில் அதன் மதிப்பு பூச்சியம் எனக் கொள்க. அச்சுகளின் வழியே நடப்பவனுக்கு அது முற்றும் சமதரை. மையத்தில் பகுதி வகைக்கெழுக்கள் இரண்டும் பூச்சியமே. வடகிழக்குக் கோட்டில் வருபவனோ மையத்தை எவ்வளவு நெருங்கினும் அரை அலகு உயரத்திலேயே இருப்பான். மையத்தில் கால் வைத்ததும் விழுவான். இரு திசைகளில் மட்டும் நடந்து ஒரு மலையை அறிந்துவிட முடியாது என்று கண்டவனுக்கே இவ்வெடுத்துக்காட்டு உறைக்கும்.

மைசூரில் 1963இல் மண்டலக் கல்விக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் இன்றும் தென்மாநிலங்களுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கிறது. அத்தகைய இடங்களிலாயினும், பிற கல்லூரிகளிலாயினும், தேர்வுத்தாளின் ஒரு வினாவேனும் சம உயரக் கோட்டுப் படம் ஒன்றைத் தந்து, குறித்த புள்ளியில் மிகுசரிவுத் திசையை வரையச் சொல்லுதல் வேண்டும். தேவையான நிலப்படங்களை இணையவழியே பெறலாம்.