கையெழுத்துப் போடுமுன்...

போன மாதம் என் ஓரகத்திக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்காக ஆபரேஷன். முதல் நாள் சாயங்காலம் நர்ஸ் வந்து மூன்று காகிதங்களை நீட்டினாள். இரண்டில் கையெழுத்தாயிற்று. மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.

"அக்கா, எடுக்கிற கட்டியை ஆராய்ச்சிக்காகப் பத்திரப்படுத்தி வைப்பாங்களாம். முடியாதுன்னு சொன்னா ஆபரேஷனைச் சரியாப் பண்ண மாட்டாங்களோ?"

"எல்லாரும் போடறதுதானே, போட்டுடச் சொல்லேன்" என்றார் என் கணவர், வாசல் பக்கமிருந்து.

எனக்குச் சுருக்கென்றது. பல வருஷங்களுக்கு முன் என் அம்மாவின் ஆபரேஷனுக்கு நான்தான் காகிதங்களை வாங்கினேன். "என்னடி எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணுமில்லேம்மா, வழக்கமா வாங்கறதுதான்" என்றேன். படிக்கவே இல்லை. அதில் என்ன இருந்ததென்று இன்று வரை தெரியாது. கேட்ட அம்மாவும் இப்போது இல்லை.

சகோதரிகளே, ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணைத் தெரியுமா? அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951-ல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். ஐந்து குழந்தைகளின் தாய். 31 வயதில் இறந்துபோனார். அவரிடமிருந்து எடுத்த செல்கள் மட்டும் சாகவில்லை. சோதனைச்சாலையில் ஒரே நாளில் இரட்டிப்பாகப் பெருகின. போலியோ தடுப்பூசிச் சோதனைக்கு அவை உதவின. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைப் புரிந்துகொள்ளவும் உதவின.

நல்ல காரியம்தான். ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்ததே 1973-ல்! அந்தச் செல்களின் மரபணு விவரங்களை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் குழுவில் குடும்பத்தாருக்கு இடம் கிடைத்தது 2013-ல். செல்களை விற்ற ஒரு கம்பெனியின் மேல் வாரிசுகள் போட்ட வழக்கு 2023-ல்தான் சமரசமாக முடிந்தது.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ரத்தமோ திசுவோ சேமித்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால், நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். டாக்டர்கள் மட்டுமல்ல, நம்மைப் போன்ற சாதாரண மனுஷர் ஒருவரும் அதில் உட்கார வேண்டும். சம்மதம் தராவிட்டாலும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது.

ஆகவே காகிதம் வந்தால் தயங்காமல் கேளுங்கள்:

எதை எடுக்கிறார்கள், எத்தனை வருஷம் வைப்பார்கள்?

இந்த ஒரு ஆராய்ச்சிக்கு மட்டுமா, இனி வருபவற்றுக்குமா?

வேறு இடத்துக்கு அனுப்புவார்களா? பெயர் வெளியே தெரியுமா?

பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறலாமா? (பெறலாம். ஆனால் பெயர் அடையாளத்தை அடியோடு நீக்கிவிட்ட பிறகு, எது நம்முடையது என்று அவர்களுக்கே தெரியாது. முடிந்துபோன ஆராய்ச்சியையும் அழிக்க முடியாது.)

அன்று நான் அந்தக் காகிதத்தை வரி வரியாக உரக்கப் படித்தேன். லேடி டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவரும் முகம் சுளிக்காமல் கட்டிலருகில் உட்கார்ந்து பதில் சொன்னார். "வேண்டாம்னா விட்டுடுங்க, நாளைக்கு ஆபரேஷன் அதே மாதிரிதான் நடக்கும்" என்றார்.

ஓரகத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "பரம்பரையா வர்ற விஷயம் ஏதாவது அதிலே தெரிஞ்சா எனக்குச் சொல்லணும் டாக்டர். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு" என்றாள். அதற்கென்று காகிதத்திலேயே ஒரு கட்டம் இருந்தது. டாக்டர் காட்டினார். அதில் குறி போட்டுவிட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

கொடுப்பது நல்லதுதான், சகோதரிகளே. தெரிந்து கொடுப்போம். வீட்டில் பெரியவர்கள் "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டால், என்னைப் போல் "ஒண்ணுமில்லே" என்று சொல்லிவிடாதீர்கள்.