கணினி அறிவோம்: கயிறும் பொத்தானும்

தூத்துக்குடிக் கடலில் பரதவரும் முஸ்லிம்களும் முத்துக் குளித்த நாள்களில், மூழ்கியவர் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் உடனே மேலே இழுப்பார். 1961-இல் நடந்த குளிப்போடு அத்தொழில் ஓய்ந்தது. ஆயினும் அசைவே பேச்சாகும் அம்முறையை இன்று நம் வீட்டுக் கணினித் திரையில் காண்கிறோம்.

பொத்தானை அழுத்தியதும் அது சற்றே அமிழ்ந்து எழுகிறதே, அது வெறும் அலங்காரமன்று. ‘உங்கள் கட்டளை கிடைத்தது’ என்னும் மறுமொழி. பத்தில் ஒரு விநாடிக்குள் அது கிட்டினால் மனம் தாமதத்தை உணராது. கிட்டாதபோது, பணம் செலுத்தும் பொத்தானைப் பதற்றத்தில் இருமுறை அழுத்திவிடுவோரும் உண்டு.

1995-இல் வெளிவந்த விண்டோஸ் 95, சன்னலைச் சுருக்கும்போது அதன் தலைப்பட்டை கீழ்நோக்கி விரைவதைக் காட்டிற்று. சன்னல் மறைந்துபோகவில்லை, இங்கேதான் இருக்கிறது எனக் கண்ணுக்கு உணர்த்தும் உத்தி அது.

எனினும் மிகை ஆகாது. உட்செவியின் சமநிலை உறுப்பு பழுதுற்றோர்க்குத் திரையின் அசைவு தலைச்சுற்றலும் குமட்டலும் தரக்கூடும். வீட்டுப் பெரியவர் கணினியைக் கண்டு ஒதுங்கினால், கற்க மனமில்லை எனக் கடிந்துகொள்ளாதீர்கள், காரணம் கேளுங்கள். விண்டோஸ் 11-இன் அமைப்புகளில், அணுகல் வசதிப் பகுதியிலுள்ள காட்சி விளைவுகளுக்குச் சென்று அசைவூட்டத்தை நிறுத்திவிடலாம். ஒரு நிமிடப் பணிதான். அவர்கள் பெறும் நிம்மதியோ பெரிது.