மூளையைக் காப்பது வேறு, புதுப்பிப்பது வேறு

பக்கவாதத்துக்குக் குருத்தணுச் சிகிச்சை என்ற தொடர் இன்று கருத்தரங்க அழைப்பிதழிலும் இருக்கிறது, தனியார் சிகிச்சை மையங்களின் விளம்பரத்திலும் இருக்கிறது. அழைப்பிதழில் அது ஒரு கேள்வி. விளம்பரத்தில் அதுவே விடையாகிவிடுகிறது. இந்த மாற்றத்துக்கு ஆய்வாளர்களாகிய நாமும் துணைபோகிறோம் என்பது என் கருத்து.

மூளையின் இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டதும் நடுப்பகுதி நரம்பணுக்கள் சில நிமிடங்களில் இறக்கின்றன. அவற்றைச் சூழ்ந்து, செயலிழந்தும் உயிர் போகாத ஒரு வளையம் எஞ்சுகிறது. பெருங்குழாய் அடைப்பைச் சரிசெய்யாமல் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006இல் வெளியான ஒரு மதிப்பீடு. காப்பு என்பது அந்த வளையத்தைக் காப்பது. அதன் கடிகாரம் மணிக்கணக்கில் ஓடுவது. எஞ்சிய சுற்றுகள் இழந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் மீட்போ வாரங்களும் மாதங்களும் எடுப்பது. இவ்விரண்டையும் 'மூளைக்குப் பாதுகாப்பு' என்ற ஒரே தலைப்பில் எழுதுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இந்தியாவில் நடந்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். தில்லி எய்ம்ஸ் தலைமையில் பல மையங்களில், 120 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்தப்பட்டு, 2014இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே அணுக்களை எடுத்து, சராசரியாக 28 கோடி அணுக்களைச் சிரைவழி செலுத்தினார்கள். பக்கவாதம் தாக்கியதற்கும் அணுக்கள் செலுத்தப்பட்டதற்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு பதினெட்டரை நாள். அதற்குள் அந்த வளையத்தின் கதை முடிந்திருக்கும்; ஆகவே அங்கே சோதிக்கப்பட்டது காப்பு அன்று. 180ஆம் நாளில் அன்றாடச் செயல்திறனை அளந்தபோது இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. சிகிச்சையால் பெருந்தீங்கும் இல்லை.

இதைத் தோற்றுப்போன ஆய்வு என்பார் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. அணுக்களைப் பெறாதவர்களும் ஏறத்தாழ அதே நிலையை எட்டியிருந்தார்கள் என்பதை அது காட்டியது. பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் சில மாதங்களில் பெரும்பாலோர் தாமாகவும் பயிற்சியாலும் ஓரளவு தேறுவார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத இடத்தில் அந்தத் தேர்ச்சி முழுவதும் ஊசியின் கணக்கில் சேர்ந்துவிடும். விளம்பரக் காணொளியில் கை உயர்த்திக் காட்டும் முதியவர் பொய் சொல்லவில்லை. அவர் கை உயர்ந்ததற்கான காரணம் மட்டுமே அங்கே நிறுவப்படவில்லை.

விரைவாகக் கொடுத்தால் பயன் இருக்குமல்லவா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. கொடையாளர் மஜ்ஜையிலிருந்து முன்கூட்டியே வளர்த்து உறையவைத்த அணுக்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. மொத்தத்தில் பயன் தெரியவில்லை. ஆனால் 36 மணிக்குள் பெற்றவர்கள் சற்று மேலாக இருந்ததாகப் பின்னர்ப் பகுத்துப் பார்த்தபோது தோன்றியது. அந்தத் தோற்றத்தை ஜப்பானில் 206 நோயாளிகளிடம், 18 முதல் 36 மணிக்குள் கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஒரு முடிவுக்குள் குறிப்பிட்ட சிலரை மட்டும் பிரித்தெடுத்து நம்பிக்கை கொள்ளும் நம் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் கிடைக்காது.

அதனால் இத்துறையை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிரைவழி செல்லும் அணுக்களில் பெரும்பகுதி நுரையீரலில் தங்கிவிடுகிறது. அவை புதிய நரம்பணுவாக மாறுவதைவிட, சுரப்புகள் வழியாக அழற்சியைத் தணிப்பதாகவே சான்றுகள் சுட்டுகின்றன. அப்படியானால் அணுவே தேவையா, அதன் சுரப்பு போதுமா? இது உயிருள்ள கேள்வி. ஆனால் அதை இளம் ஆரோக்கியமான எலிகளிடம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் விடை நோயாளிக்குப் பொருந்தாது. நம் வார்டுகளில் படுத்திருப்பவர் வயது முதிர்ந்தவர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பக்கவாதத்துக்கு இச்சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே ஏற்கிறது. ஆகவே பணம் வாங்கிக்கொண்டு ஊசி போடும் இடம் எதுவும் நம் கட்டுரையை மேற்கோள் காட்டினால், மறுத்து எழுத வேண்டியது அக்கட்டுரையின் ஆசிரியர்தான். நகையை அடகு வைத்து அங்கே கட்டும் தொகையில் பல மாத இயன்முறைப் பயிற்சி அடங்கியிருக்கிறது. அந்த மாதங்கள் திரும்பக் கிடைப்பதில்லை.