ஜாக்கி தூக்கும், தாங்காது

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து கொல்லிமலை ஏறி, குண்டனி நாடு சென்று திரும்பும் ஜீப்பின் பிரேக்கை அடிக்கடி சோதித்தல் அவசியம். அதை வீட்டுக் கொட்டகையிலேயே செய்வோர் ஒன்றை மறத்தலாகாது. ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. உள்ளிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தால், ஏற்றிய வண்டி தானே இறங்கிவிடும்.

மலை வீட்டு முற்றம் பெரும்பாலும் சரிவானது. ஆகவே, சமமான சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்துங்கள். தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வண்டியின் கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்து உயர்த்துங்கள். பின்னர், அந்த எடையைத் தாங்கவல்ல இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகளின்மீது வண்டியை இறக்கி அமர்த்துங்கள். அசைத்துப் பார்த்து, உறுதியாக நின்றால் மட்டுமே அடியில் செல்லுங்கள். செங்கல் அடுக்கை நம்பாதீர்கள். அது திடீரென நொறுங்கும்.

தடித்த கான்கிரீட் தளமிட்டு இரு தூண் லிஃப்ட் அமைக்க வசதியுள்ளோருக்கும் இதுவே விதி: உயர்த்தியபின் அதன் இரும்புப் பூட்டின்மீது எடையை அமர்த்த வேண்டும்.

ஸ்டாண்டுக்குச் செய்யும் செலவை வீணென்று எண்ணாதீர்கள். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவரை நம்பி வீட்டினுள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது.