வினாவைத் திருத்தாத தமிழாசிரியர்கள்

சென்ற மாதம் உப்பளத்து வீட்டில் மேசை இழுப்பறையைக் காலிசெய்தபோது இரண்டு பழைய தாள்கள் கிடைத்தன. கடற்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுத்திருந்தன. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவர் கொண்டுவந்து கொடுத்தவை அவை. டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை நிறுவும்போது கணினி நம்மிடம் கேட்கும் வினாக்களின் தமிழாக்கம். "ஐயா, ஒருமுறை பார்த்துத் தாருங்கள்" என்றார். நான் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தேன். இதெல்லாம் இலக்கியமா என்ற நினைப்பில் மீதியை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். அவரும் இருமுறை கேட்டுவிட்டு ஓய்ந்துபோனார்.

இதை ஒப்புக்கொண்ட பிறகே சக தமிழாசிரியர்கள் மீது குற்றம் சுமத்தும் உரிமை எனக்கு வருகிறது. குற்றச்சாட்டு இதுதான்: கணினித் தமிழைக் கண்டு எள்ளி நகையாடும் நாம், அதைத் திருத்த வேண்டிய நேரத்தில் அங்கே இருப்பதே இல்லை.

டெபியன் தன்னார்வலர்களால் ஆக்கப்படுவது. 2007 ஏப்ரலில் வெளிவந்த அதன் 4.0 பதிப்பின் நிறுவி 58 மொழிகளில் கிடைத்தது. வரைகலைத் திரை வந்ததால் தமிழும் அப்போது இடம்பெற்றது. நிறுவி மட்டுமன்று, ஒவ்வொரு மென்பொருள் பொதியும் தன்னை அமைத்துக்கொள்ளும்போது சில வினாக்களைக் கேட்கலாம். ஒரு வரியில் வினா, அதன்கீழ் ஒரு பத்தி விளக்கம். மூலத்தை எழுதுவோர் நிரலாளர்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று.

அங்கே செய்தார்கள் ஒரு நல்ல காரியம். பன்மொழிப் பணியை ஒருங்கிணைத்த கிறிஸ்டியன் பெரியே என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால், 2007 வாக்கில், மொழிபெயர்ப்புக்கு அனுப்புமுன் ஆங்கில வாசகத்தையே மெய்ப்புப் பார்க்கும் முறை ஒழுங்குபெற்றது. ஆங்கிலக் குழு வாசகத்தை அலசும். மென்பொருளைப் பேணுபவர் இசைவார். பிறகே எல்லா மொழிக் குழுவினருக்கும் கெடு வைத்து அழைப்புப் போகும். வரிசை மாறினால் என்ன கேடு? மூலத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் எல்லா மொழிபெயர்ப்பும் 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்பட்டு ஒதுங்கும். பயனர் மீண்டும் ஆங்கிலத்தையே காண்பார். ஒருவர் பிந்தித் திருத்தினால் ஐம்பது பேர் உழைப்பு கிடப்பில் போகும்.

அவர்களது விதிகளும் கவனிக்கத் தக்கவை. கணினி தன்னை 'நான்' என்று சொல்லக் கூடாது. வாசகம் ஆண்பால், பெண்பால் சாராதிருக்க வேண்டும். 'ஆம் என்பதை அழுத்தினால்' என்று எழுதக் கூடாது, ஏனெனில் சில திரைகளில் அந்தப் பொத்தானே இருக்காது. இவை நிரலாளர் விதிகளா, உரைநடை இலக்கணமா?

இப்போது தமிழுக்கு வருவோம். நிறுவி கேட்கும் வினாக்களுள் அபாயமானது ஒன்று: வட்டில் மாற்றங்களை எழுதுவது பற்றியது. பிழையாக விடை சொன்னால் பழைய கோப்புகள் போய்விடலாம். இதைத் தமிழில் எப்படிக் கேட்பது? 'எழுதவா?' என்றால் அதற்குள் ஒரு 'நான்' ஒளிந்திருக்கிறது; விதி மீறப்பட்டது. 'எழுத வேண்டுமா?' என்றால் தேவையைக் கேட்கிறதா, விருப்பத்தைக் கேட்கிறதா? 'எழுதலாமா?' என்றால் யார் யாரிடம் அனுமதி கேட்கிறார்? மேலும் விடைப் பொத்தான்களோ 'ஆம்', 'இல்லை'. 'எழுதவா?' என்பதற்கு 'இல்லை' என்று எந்தத் தமிழர் விடை சொல்வார்? 'வேண்டாம்' என்பார். நம் மொழியில் மறுப்பு, வினாவின் வினையைப் பார்த்தே அமைகிறது. 'மாற்றங்களை வட்டில் எழுதச் சம்மதமா?' என்று கேட்டால் 'ஆம்', 'இல்லை' இரண்டும் பொருந்தும். இதைக் கண்டுபிடிக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்தால் போதும்.

வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று ஆண்டுதோறும் நன்னூலிலிருந்து சொல்லித்தருகிறோம். கணினி கேட்பது அறியா வினா. நம் விருப்பம் அதற்குத் தெரியாது. ஆனால் புதியவர் அதை ஆசிரியர் கேட்கும் அறிவினா என்று எண்ணி, 'எது சரியான விடை?' என்று அஞ்சுகிறார். அச்சத்தைப் போக்க வேண்டியது கீழேயுள்ள விளக்கப் பத்தி. அதைச் செப்பனிட நம்மைவிடத் தகுதியானவர் யார்? அப்படியிருந்தும் அப்பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் பொறியாளர்களும் பிற துறையினருமே.

நாம் என்ன செய்தோம்? கலைச்சொல் சண்டை போட்டோம். 'வட்டு'வா 'தட்டு'வா என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டோம். சொல் எதுவானாலும் பயனர் பழகிக்கொள்வார். குழம்பிய வாக்கியத்துக்குப் பழக முடியாது.

ஆர்வலர்களையும் நான் விடுவதாக இல்லை. நூற்றுக்கு நூறு விழுக்காடு முடிந்தது என்னும் பெருமை, நிரப்பிய கட்டங்களின் கணக்கு. புரிந்த வாக்கியங்களின் கணக்கு அன்று. இயந்திர மொழிபெயர்ப்பு அந்தக் கட்டங்களைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடும் இக்காலத்தில், மனிதருக்கென்று மிஞ்சியிருக்கும் வேலை மெய்ப்புப் பார்த்தலே. அதற்குத்தான் ஆளில்லை.

துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களாகிய நாம் பெருமையோடு பேசுகிறோம். 1736இல் தொடங்கும் அவர் நாட்குறிப்பைக் கொண்டாடுகிறோம். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். யார், யாரிடம், எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் இரு தரப்புக்கும் நடுவே நிற்க முடியாது. இன்று கணினிக்கும் நம் மக்களுக்கும் நடுவே அந்த இடம் காலியாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதன்று. ஒவ்வொரு தமிழ்த்துறையும் ஒரு பருவத்துக்குப் பத்து வினாக்களை எடுத்துக்கொள்ளட்டும். மூலம் தெளிவாக உள்ளதா என்று முதலில் பார்க்கட்டும். தமிழில் பெயர்க்க முடியாத வினா பல வேளைகளில் மூலத்திலேயே குழம்பியதுதான். அப்படியானால் ஆங்கிலக் குழுவுக்கே எழுதட்டும். மாணவர் இருவர் தனித்தனியே மொழிபெயர்க்க, மூன்றாமவர் மூலத்தைப் பாராமல் படித்து விடை சொல்லட்டும். ஒருவர் பொறுப்பேற்று முடிவையும் காரணத்தையும் பதிவுசெய்யட்டும்.

அந்த இரண்டு தாள்களையும் இவ்வாண்டு நன்னூல் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். மாணவருக்குச் செய்ய வேண்டிய உதவியைப் பிந்திச் செய்கிறேன் என்பது தெரியும். மறுப்புடையோர் தாராளமாக மறுக்கலாம். அதற்குமுன் பத்தே பத்து வினாக்களைத் திருத்திப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.